கணைய மாற்று அறுவைக்குப் பின் வரும் சிக்கல்கள்: வார்டு வராந்தாவில் கேட்ட கேள்விகள்

உறுப்பு மாற்று வார்டில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துக் கிளம்பியதும் நோயாளியின் வீட்டார் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "டாக்டர் என்னமோ சொன்னாரு, சரியாப் புரியல சிஸ்டர்" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் பலவும் ஐசியூ வாசலில்தான் வந்து விழுகின்றன. அப்போது பதில் சொல்வது எனக்கும் கஷ்டம், கேட்பவருக்கும் கஷ்டம். அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைச் சேர்த்திருக்கிறேன். உங்கள் உடம்புக்கு என்ன பொருந்தும் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல முடியும்.

1. கணையத்த மாத்திட்டா சுகர் வியாதியே போயிடுமா? அப்போ எல்லாருக்கும் மாத்திடலாமே?

கணையம் நன்றாக வேலை செய்தால் இன்சுலின் ஊசி தேவைப்படாது. முதல் வகை நீரிழிவில் உடம்பின் எதிர்ப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. மாற்றுக் கணையம் அந்தச் செல்களைப் புதிதாகக் கொண்டுவருகிறது. பலருக்கு அறுவை முடிந்த சில மணி நேரத்திலேயே சுகர் இறங்க ஆரம்பிக்கும்.

ஆனாலும் எல்லோருக்கும் செய்ய முடியாது. அறுவையும் பெரியது, அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் சாப்பிட வேண்டும். அதனால் பெரும்பாலும் சிறுநீரகமும் செயலிழந்துபோன முதல் வகைக்காரர்களுக்குத்தான் செய்கிறார்கள். சிறுநீரகத்துக்காக அவர்கள் எப்படியும் அந்த மருந்துகளைச் சாப்பிடத்தான் போகிறார்கள். ஒரே கொடையாளரின் இரண்டு உறுப்பும் ஒரே நேரத்தில் வைக்கப்படும். ஏற்கெனவே சிறுநீரகம் மாற்றியவர்களுக்குப் பிறகு கணையம் வைப்பதும் உண்டு. லோ சுகர் வருவதே தெரியாமல் அடிக்கடி மயங்கி விழுபவர்களில் சிலருக்குக் கணையம் மட்டும் வைக்கிறார்கள். நம் ஊரில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அவர்களில் ஒல்லியான, குறைவான இன்சுலினில் சமாளிக்கிற சிலருக்கு மட்டுமே இது பொருந்தும்.

2. பழைய கணையத்த எடுத்துடுவாங்களா?

எடுக்க மாட்டார்கள். அது இன்சுலின் சுரப்பதை நிறுத்தியிருந்தாலும் செரிமான நீரை இன்னும் சுரந்துகொண்டிருக்கும். புதிய கணையத்தை வழக்கமாக வலது அடிவயிற்றில் வைப்பார்கள். அங்கே இடுப்பு ரத்தக்குழாய்கள் அதிக ஆழமில்லாமல் கைக்கு எட்டும். சிறுநீரகம் இடது பக்கம் போகும். நடுவயிற்றில் நீளமாக ஒரே வெட்டு. தையல் பிரிக்கும் நாளில் அதன் நீளத்தைப் பார்த்துப் பலர் திகைத்துப் போவார்கள். முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

3. கணையத்தோட கொஞ்சம் குடலையும் சேத்து வெக்கிறாங்கன்னு சொன்னாங்க. குடல் எதுக்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி புரிந்துவிடும். கணையம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, இன்சுலினை ரத்தத்தில் விடுவது. மற்றொன்று, கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கும் செரிமான நீரைக் குடலுக்கு அனுப்புவது. நமக்கு வேண்டியது இன்சுலின்தான். ஆனால் செரிமான நீரும் சேர்ந்தே வருகிறது, அது எங்காவது போயாக வேண்டும். கொடையாளரின் கணையத்தோடு ஒட்டியிருக்கும் முன்சிறுகுடல் துண்டை அப்படியே சேர்த்து எடுத்து நோயாளியின் சிறுகுடலோடு தைப்பது அதற்காகத்தான்.

இந்த நீரை என்ன செய்வது என்பதே பல ஆண்டுகள் டாக்டர்களைத் திணறடித்த கேள்வி. 1966 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெல்லியும் ரிச்சர்ட் லில்லெஹெய்யும் முதல் கணைய மாற்று அறுவையைச் செய்தபோது கணையக் குழாயைக் கட்டிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குச் சில நாட்கள் இன்சுலின் தேவைப்படவில்லை, ஆனால் வெளியேற வழியில்லாத நீர் கணையத்தையே புண்ணாக்கியது. பிறகு பிரான்சில் லியோன் நகரத்து டூபெர்னார் குழு குழாய்க்குள் ரப்பர் போன்ற திரவத்தைச் செலுத்தி அடைத்துப் பார்த்தது. 1980-களில் விஸ்கான்சினில் ஹான்ஸ் சோலிங்கர் சிறுநீர்ப்பையோடு இணைக்கும் முறையைப் பரவலாக்கினார். 1990-களின் நடுவிலிருந்து பெரும்பாலான மையங்கள் குடலோடு இணைக்கும் முறைக்கு மாறின. ஒவ்வொரு முறைக்கும் அதற்கே உரிய சிக்கல் உண்டு. 7, 12 ஆகிய கேள்விகளில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

4. எங்க அண்ணனுக்குக் கிட்னி மாத்துனப்ப இவ்வளவு பயமுறுத்தல. கணையத்துக்கு மட்டும் ஏன் இப்படி?

பயமுறுத்துவதற்காக யாரும் சொல்வதில்லை. வயிற்றுக்குள் மாற்றி வைக்கும் உறுப்புகளில் தொட்டால் சிணுங்கி என்றால் அது கணையம்தான். சிறுநீரகத்துக்குள் ரத்தம் வேகமாகப் பாயும். கணையத்தில் ஓட்டம் மெதுவானது. கொடையாளரின் உடம்பில் கணையத்தின் வால் பக்கம் ஓடும் பெரிய ரத்தக்குழாய்கள் மண்ணீரலுக்கும் சேர்த்தே வேலை செய்கின்றன. மாற்றி வைக்கும்போது மண்ணீரலை வெட்டி நீக்கிவிடுவதால் அந்தப் பெரிய குழாய்களில் கொஞ்சம் ரத்தமே மெதுவாக நகரும். மெதுவாக ஓடும் ரத்தம் எளிதில் உறையும். அடுத்தது செரிமான நீர். கையால் அழுத்தினாலே கணையம் வீங்கும், கசிந்தால் சுற்றியுள்ள சதையைக் கரைக்கும். மூன்றாவது, குடலைத் திறந்து தைப்பதால் குடல் கிருமிகள் வயிற்றுக்குள் வர வழி உண்டு. சிறுநீரக மாற்றில் குடலைத் தொடுவதே இல்லை.

இவற்றோடு நோயாளியின் உடம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருபது, இருபத்தைந்து வருடம் சுகர் இருந்த உடம்பில் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கும், நரம்பு மரத்திருக்கும், புண் ஆற நாளாகும். அதனால்தான் அனுபவமுள்ள மையங்களிலேயே சுமார் நான்கில் ஒருவருக்கு இரண்டாம் முறை வயிற்றைத் திறக்க நேர்கிறது. இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பதிவுகளின்படி சிறுநீரகமும் கணையமும் சேர்த்து வைத்தவர்களில் நூறில் 95 பேருக்கு மேல் ஓராண்டைக் கடக்கிறார்கள், சுமார் 90 பேருக்குக் கணையமும் ஓராண்டு முடிவில் வேலை செய்கிறது. இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

5. ரத்தம் கட்டிக்கும்னு டாக்டர் ரெண்டு தடவ சொன்னாரு. அது என்ன அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம், முதல் வாரத்தில் இதைவிடப் பெரிய விஷயம் இல்லை. புதிய கணையத்தின் சிரையிலோ தமனியிலோ ரத்தம் உறைந்து ஓட்டம் நின்றுவிடுவது, நூறில் சுமார் 5 முதல் 10 பேருக்கு நடப்பதாக மருத்துவ இலக்கியம் சொல்கிறது. சிரையில்தான் அதிகம். அறுவைத் தொடர்பான காரணங்களால் கணையத்தை ஆரம்பத்திலேயே இழப்பதற்கு முதல் காரணம் இதுதான். மருந்தை எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டாலும் இது வரலாம். நோயாளியின் தவறு இதில் எதுவும் இல்லை.

எப்படித் தெரியும் என்றால், மணிக்கு ஒரு முறை நாங்கள் விரல் குத்திச் சுகர் பார்ப்பது முக்கியமாக இதற்காகத்தான். ஒரு நாள் இரவு நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு மணிக்கு 118. ஒரு மணிக்கு 126. இரண்டு மணிக்கு 214. நோயாளி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்டால், "வலது பக்கம் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கு, காலையில சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். டூட்டி டாக்டர் வந்து வயிற்றில் கை வைத்ததும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். சிரையின் ஒரு பகுதியில் மட்டும் உறைவு. உடனே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் மருந்தை ஏற்றினார்கள், அந்தக் கணையம் பிழைத்தது. முழுவதும் அடைத்திருந்தால் வயிற்றைத் திறந்து உறைந்த ரத்தக் கட்டியை எடுக்கப் பார்ப்பார்கள். பல நேரம் அதற்குள் கணையம் கறுத்துப்போயிருக்கும், வெளியே எடுப்பது தவிர வழி இருக்காது.

அதனால் வலியைக் காலை வரை தள்ளிப்போடாதீர்கள். சிஸ்டரைத் தொந்தரவு செய்கிறோமே என்று கூச்சப்படுபவர்கள் நம் ஊரில் அதிகம். மணி அடியுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் அடியுங்கள்.

6. அப்போ எல்லாருக்கும் ரத்தம் உறையாம இருக்க மருந்து கொடுத்துட வேண்டியதுதானே?

கொடுக்கிறார்கள். ஹெபாரின், ஆஸ்பிரின் என்று ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு முறை உண்டு. ஆனால் அதிகம் கொடுத்தால் தையல் போட்ட இடங்களிலிருந்து ரத்தம் கசியும். கணைய மாற்றுக்குப் பிறகு மறுபடி தியேட்டருக்குப் போவதற்கு ரத்தக்கசிவும் ஒரு முக்கியக் காரணம். கசிவு பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது, உறைவு பெரும்பாலும் கணையத்தோடு முடிகிறது. அதனால் கொஞ்சம் கசிந்தாலும் பரவாயில்லை என்ற பக்கமே டாக்டர்கள் சாய்வார்கள். ஹீமோகுளோபின் இறங்குகிறது, ரத்தம் ஏற்ற வேண்டும் என்று சொன்னால் அந்தக் கணக்கில்தான் சொல்கிறார்கள்.

7. டிரெயின் பையில வர்ற தண்ணி நேத்து வெளிர் மஞ்சளா இருந்துச்சு, இன்னைக்குப் பழுப்பா இருக்கு. பயப்படணுமா?

டிரெயின் என்பது வயிற்றுக்குள் தேங்கும் நீரை வெளியே வடிக்கும் குழாய். பயப்படுவதற்கு முன்னால் காட்டுங்கள். பையைக் காலி செய்தபிறகு சொன்னால் பயனில்லை. முதல் இரண்டு நாள் ரத்தம் கலந்த சிவப்பு, பிறகு வெளிர் மஞ்சள், அளவும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவது நல்ல போக்கு. பழுப்பாகவோ பச்சையாகவோ மாறினாலும், நாற்றம் வந்தாலும், அளவு திடீரென்று கூடினாலும் கவனிக்க வேண்டும். அந்த நீரைச் சோதனைக்கு அனுப்பி, கணையம் சுரக்கும் அமைலேஸ் என்ற செரிமானப் பொருள் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அது ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடியிருந்தால் கணைய நீர் எங்கோ கசிகிறது என்று பொருள்.

3-ஆம் கேள்வியில் சொன்ன முன்சிறுகுடல் துண்டின் தையல்தான் பெரும்பாலும் கசியும் இடம். அந்தத் துண்டுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போனால் தையல் ஒட்டாது. குடலோடு இணைத்தவர்களுக்குக் குடல் கிருமியும் கணைய நீரும் சேர்ந்து வயிற்றுக்குள் இறங்கும், காய்ச்சலும் வயிற்றுவலியும் ஏறும், நாடி வேகமாகத் துடிக்கும். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். சிறிய கசிவு டிரெயின் குழாயிலேயே அடங்கும். பெரியதென்றால் மறுபடி திறந்து தைக்க வேண்டும், சிலருக்குக் கணையத்தை எடுக்க வேண்டியும் வரும்.

8. வயித்துல சீழ் வெச்சிருக்குன்னு குழாய் போட்டிருக்காங்க. ஆபரேஷன் சரியாப் பண்ணலையா?

நன்றாகச் செய்த அறுவையிலும் சீழ் வரும். எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கி வைத்திருக்கிறோம், குடலைத் திறந்து தைத்திருக்கிறோம், கணையத்தைச் சுற்றி நீர் தேங்க இடம் இருக்கிறது. குடல் பாக்டீரியாவோடு கேண்டிடா என்ற பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் ஆன்டிபயாடிக்கோடு பூஞ்சை மருந்தும் ஏற்றுகிறார்கள்.

சி.டி. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி வழியாகக் குழாய் போட்டு வடிப்பதுதான் இப்போது முதல் வழி. அந்தக் குழாயோடு வாரக்கணக்கில் இருக்க வேண்டி வரலாம். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வடிந்துகொண்டிருக்கிறது என்றால் இன்னொரு பெரிய அறுவையைத் தவிர்த்திருக்கிறோம் என்று அர்த்தம். வெட்டுக் காயத்தின் மேல்தோலில் வரும் சீழ் வேறு. அது தொல்லைதான், ஆனால் டிரெஸ்ஸிங்கில் ஆறிவிடும்.

9. புதுக் கணையமே வீங்கிடுச்சுன்னு சொல்றாங்க. கொடுத்தவருக்கு ஏற்கெனவே வியாதி இருந்திருக்குமோ?

அப்படிச் சந்தேகப்பட வேண்டாம். கொடையாளரின் உடம்பிலிருந்து எடுத்து, ஐஸில் வைத்து, மறுபடி ரத்தம் பாயவிடும்போது எல்லாக் கணையமும் கொஞ்சமாவது வீங்கும். ரத்தத்தில் அமைலேஸும், அதைப் போலக் கணையம் சுரக்கும் லைபேஸும் முதல் சில நாட்கள் கூடியிருந்து பிறகு இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவோடு சரி. குளிரில் இருந்த நேரம் நீண்டுவிட்டால் வீக்கம் கூடும், ஓட்டம் குறையும், அது உறைவுக்கும் கசிவுக்கும் வழிவிடும். சிறுநீரகம் ஒரு நாள் வரை தாங்கும். கணையத்தை 12 மணி நேரத்துக்குள் வைத்துவிடவே பார்ப்பார்கள். கொடையாளர் கிடைத்த செய்தி நடுராத்திரியில் வந்தால் உடனே கிளம்பி வரச் சொல்லி நான் போனில் அவசரப்படுத்துவது இதற்காகத்தான்.

10. அஞ்சாவது நாள் சுகர் 220 காட்டுது. கணையம் போயிடுச்சா சிஸ்டர்?

இந்த ஒரு கேள்வியை மட்டும் அழாமல் கேட்டவரை நான் பார்த்ததில்லை. போயிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆரம்பத்தில் கொடுக்கும் ஸ்டீராய்டு அதிக அளவு. அதுவே சுகரை ஏற்றும். எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையும் ஏற்றும். களைத்துப்போன கணையத்துக்கு ஓய்வு கொடுக்க முதல் சில நாட்கள் டாக்டர்களே இன்சுலின் ஏற்றுவதுண்டு. "மறுபடி இன்சுலின் போடுறாங்களே" என்று உடனே மனம் உடைந்துவிட வேண்டாம்.

படிப்படியாக ஏறினால் மருந்தைப் பார்ப்பார்கள். 5-இல் சொன்னதுபோல் ஒரு மணி நேரத்தில் எகிறினால் டாப்ளர். ரத்தத்தில் சி-பெப்டைடு என்ற ஒன்றையும் பார்ப்பார்கள். கணையம் இன்சுலின் சுரக்கும்போது கூடவே வெளிவருவது அது. ஊசியில் போடும் இன்சுலினில் அது கிடையாது. நல்ல அளவில் இருந்தால் கணையம் உயிரோடுதான் இருக்கிறது.

11. இதெல்லாம்தான் நிராகரிப்பா?

இல்லை. இதுவரை சொன்னவை ரத்தக்குழாய், தையல், கிருமி சம்பந்தப்பட்டவை. முதல் சில வாரங்களில் கணையத்தைப் பறிப்பவை பெரும்பாலும் இவைதான். நிராகரிப்பு என்பது உடம்பு புதிய உறுப்பை அந்நியன் என்று தாக்குவது. அது எப்போது வேண்டுமானாலும் வரலாம், முதல் ஆண்டில் கூடுதல்.

நிராகரிப்பில் சுகர் கடைசியில்தான் ஏறும். முதலில் அமைலேஸும் லைபேஸும் ஏறும். ஒரே கொடையாளரின் சிறுநீரகமும் உள்ளே இருந்தால் அது பெரும்பாலும் முந்திக்கொண்டு எச்சரிக்கும், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கூடும். ஊசியில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதிசெய்வார்கள். சீக்கிரம் பிடித்துவிட்டால் மருந்தில் அடக்கலாம். சுகர் நார்மலாகத்தானே இருக்கிறது என்று வாராந்திர ரத்தப் பரிசோதனையைத் தவறவிடுபவர்களை நான் திட்டுவதே இந்தக் காரணத்தால்தான்.

12. எங்க வீட்டுக்காரருக்குச் சிறுநீர்ப்பையில இணைச்சிருக்காங்க. யூரின் போறப்ப எரிச்சல், சில நேரம் ரத்தம். ஏன்?

கணைய நீர் சிறுநீர்ப்பைக்கு வருவதால் அதன் உட்சுவரும் சிறுநீர்ப் பாதையும் எரியும், ரத்தம் வரும், தொற்றும் அடிக்கடி வரும். கணைய நீரில் சோடியம் பைகார்பனேட் அதிகம். குடலில் விட்டால் உடம்பு அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், சிறுநீரில் விட்டால் வெளியே போய்விடும். ரத்தத்தில் அமிலம் கூடும், நீர் வற்றும், களைப்பு தள்ளும். அவருக்குக் கொடுத்திருக்கும் சோடா பைகார்ப் மாத்திரைகளை வாயுவுக்கான மாத்திரை என்று நினைத்து நிறுத்திவிட வேண்டாம். வெயில் காலத்தில் தண்ணீர் குறையவே கூடாது.

சிறுநீர்ப்பை நிறைந்து அழுத்தினால் நீர் திரும்பிக் கணையத்துக்கே போய் அதை வீங்கவைக்கும். பல வருடச் சுகரில் சிறுநீர்ப்பை நரம்பு மரத்துப்போய், நிறைந்திருப்பதே சிலருக்குத் தெரியாது. கடிகாரம் பார்த்துப் போகச் சொல்லுங்கள். அடிவயிற்று வலியோடு வந்தால் முதலில் சிறுநீர்க் குழாய் போடுவார்கள், அதிலேயே பலருக்கு வலி தணியும். தொல்லை தொடர்ந்தால் இணைப்பைக் குடலுக்கு மாற்றும் அறுவை இருக்கிறது, கணிசமானவர்கள் பிற்பாடு அதைச் செய்துகொள்கிறார்கள். இந்த முறையில் ஒரு நன்மையும் உண்டு. சிறுநீரில் அமைலேஸ் குறைவதைப் பார்த்து நிராகரிப்பை முன்கூட்டியே சந்தேகிக்கலாம்.

13. கணையத்த எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. அப்போ கிட்னியும் போயிடுமா? உயிருக்கு ஆபத்தா?

கணையத்தை எடுத்தால் சிறுநீரகத்தையும் எடுக்க வேண்டும் என்றில்லை. இரண்டுக்கும் ரத்த இணைப்பு தனித்தனி. கணையம் போனபிறகும் டயாலிசிஸ் இல்லாமல் வருடக்கணக்கில் நன்றாக இருப்பவர்கள் உண்டு. இன்சுலினுக்குத் திரும்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நான் எழுதிவிட்டேன், ஆனால் அந்த ஊசியை மறுபடி கையில் எடுப்பவரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் சின்னதில்லை.

ஆனாலும் செத்துப்போன கணையத்தையோ அடங்காத சீழையோ உள்ளே வைத்திருப்பதுதான் உயிருக்கு ஆபத்து. எடுக்கலாம் என்று டாக்டர் சொன்னால் "இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாமே" என்று வீட்டார் கெஞ்சுவது வழக்கம். அந்த இரண்டு நாளில் கிருமி ரத்தத்தில் ஏறிவிடலாம். உடம்பு தேறியபின் இரண்டாவது கணையம் வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

14. பத்து நாளாச்சு, சாப்பாடே இறங்கல. வாந்தியா வருது.

பல வருடச் சுகரில் இரைப்பையின் நரம்புகளும் சோர்ந்துபோகும், சாப்பாடு மணிக்கணக்கில் வயிற்றிலேயே நிற்கும். அறுவைக்கு முன்பே அப்படி இருந்தவர்களுக்குப் பிறகு இன்னும் கூடும். கஞ்சி, மோர் சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுத்துப் பார்ப்பார்கள். வாந்தியோடு வயிறு உப்பி, காற்றும் பிரியவில்லை என்றால் குடலடைப்பாக இருக்கலாம். உடனே சொல்லுங்கள். இன்னொன்று, வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டால் தாமாக இரண்டாவது போட வேண்டாம், எங்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

15. எனக்குக் கணையத்துல கல்லு இருந்து சுகர் வந்துச்சு. எனக்கும் இது செய்யலாமா?

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கணையக் கல் நீரிழிவு அறிமுகமான நோய். இளம் வயதிலேயே வயிற்றுவலி, பிறகு சுகர், கொழுப்பு செரிக்காமல் எண்ணெய்ப்பசையோடு மலம். உங்கள் உடம்பில் இன்சுலினும் போதவில்லை, செரிமான நீரும் போதவில்லை. குடலோடு இணைத்த மாற்றுக் கணையம் இரண்டையும் தரும். அந்த வகையில் இது உங்களுக்குக் கூடுதல் லாபம்.

சிக்கல் எங்கே என்றால், கல்லுக்காக முன்பே வயிற்றில் அறுவை செய்திருப்பீர்கள். குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிரித்தெடுக்க நேரமாகும், ரத்தமும் கூடுதலாகப் போகும். பல வருட வலியில் உடம்பும் இளைத்திருக்கும். பழைய அறுவைக் குறிப்புகள், ஸ்கேன் எல்லாவற்றையும் தேடிக் கொண்டுவாருங்கள்.

16. நான் அவனுக்கு அம்மா. என் கணையத்துல பாதிய எடுத்துக்கக் கூடாதா?

1979-லேயே மினசோட்டாவில் உறவினர் கணையத்தின் ஒரு பகுதியை வைத்தார்கள். ஆனால் துண்டுக் கணையத்தின் ரத்தக்குழாய்கள் சிறியவை, 5-இல் சொன்ன உறைவு இன்னும் எளிதில் வரும். கொடுத்தவர்களில் சிலருக்கே பிறகு சுகர் வந்தது. அதனால் உலகம் முழுவதும் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்துதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். அம்மாவாக உங்களால் கொடுக்க முடிவது சிறுநீரகம். உங்கள் சிறுநீரகத்தை இப்போது வைத்துவிட்டு, கணையம் பிறகு கிடைக்கும்போது வைப்பதும் ஒரு வழி.

இன்சுலின் சுரக்கும் செல் திட்டுகளை மட்டும் பிரித்து, கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரை வழியாகச் செலுத்தும் முறையும் இருக்கிறது. 2000-இல் கனடாவின் எட்மன்டனில் ஜேம்ஸ் ஷாபிரோ குழு அதை நம்பிக்கைக்குரியதாக்கியது. வயிற்றைத் திறக்க வேண்டாம், கசிவு இல்லை. ஆனால் வருடங்கள் போகப்போகப் பலருக்கு இன்சுலின் மறுபடி கொஞ்சம் தேவைப்படுகிறது, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் வேண்டும்.

17. சிக்கல் வருமா வராதான்னு முன்னாடியே சொல்ல முடியுமா?

உறுதியாகச் சொல்ல முடியாது, வாய்ப்பைச் சொல்லலாம். கொடையாளர் வயதானவராகவோ பருமனாகவோ இருந்தால் கணையத்தில் கொழுப்பு படிந்திருக்கும், சிக்கல் கூடும். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை ஒதுக்குவது டிரான்ஸ்டான். அங்கிருந்து அழைப்பு வந்தாலும், கணையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தபின் அறுவை நிபுணர் வேண்டாம் என்று சொல்வது அடிக்கடி நடக்கும். காத்திருந்து வந்து வெறுங்கையோடு திரும்புவது எவ்வளவு கொடுமை என்று தெரியும். ஆனால் அந்த "வேண்டாம்" உங்களைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லப்படுவது.

உங்கள் பக்கம் பார்த்தால் இதயம்தான் முதல் கேள்வி. சுகர்காரர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலே இதயக் குழாய் அடைத்திருக்கலாம், அதனால் ஆஞ்சியோ வரை கேட்பார்கள். புகை பிடிப்பவர் நிறுத்தியாக வேண்டும். இடுப்பு ரத்தக்குழாயில் சுண்ணாம்பு எவ்வளவு என்று சி.டி.யில் பார்ப்பார்கள். உடல் எடை கூடுதலாக இருந்தால் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள்.

18. எந்த ஆஸ்பத்திரியில செய்யலாம்?

பெயர் சொல்ல மாட்டேன். போகும் இடத்தில் இதைக் கேளுங்கள்: இதுவரை எத்தனை கணையம் வைத்திருக்கிறீர்கள், அவற்றில் எத்தனை ஓராண்டு தாண்டி வேலை செய்கின்றன? ராத்திரி இரண்டு மணிக்கு டாப்ளர் பார்க்க ஆள் இருப்பாரா? குழாய் வழியாக ரத்தக்கசிவை அடைக்கும் ரேடியாலஜி டாக்டர் இருக்கிறாரா? மறு அறுவை வந்தால் செலவு எவ்வளவு, பேக்கேஜில் சேருமா? இந்தியாவில் சிறுநீரகத்தோடு ஒப்பிட்டால் கணைய மாற்று மிகக் குறைவு, அனுபவம் சில இடங்களில்தான் சேர்ந்திருக்கிறது. கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்க வேண்டாம். நல்ல குழு இந்தக் கேள்விகளுக்குத் தயாராகவே இருக்கும்.

19. வீட்டுக்கு வந்தப்புறம் சளி, கால்வலின்னா மெடிக்கல்ல மாத்திர வாங்கலாமா? கஷாயம் குடிக்கலாமா?

எங்களைக் கேட்காமல் எதையும் சாப்பிட வேண்டாம். சில ஆன்டிபயாடிக்குகளும் பூஞ்சை மாத்திரைகளும் ரத்தத்தில் டாக்ரோலிமஸை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும், நிராகரிப்பு வரும். வலி மாத்திரைகள் பல சிறுநீரகத்தைக் கெடுக்கும். கஷாயத்தில் என்னென்ன இருக்கிறது, டாக்ரோலிமஸோடு எப்படிச் சேரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பம்பளிமாஸ் பழமும் வேண்டாம்.

20. மூணு வருஷம் ஆச்சு. கணையம் வேலை செய்யல, ஆனா உள்ளேயே விட்டுட்டாங்க. ரெண்டு நாளா மலத்துல கொஞ்சம் ரத்தம். மூலமா இருக்குமா?

மூலமாக இருக்கலாம். ஆனால் உங்களைப் போன்றவர்கள் அப்படி நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. வேலை செய்யாத கணையத்தின் தமனி இன்னும் இடுப்புத் தமனியோடு இணைந்திருக்கிறது. பல மாதம், பல வருடம் கழித்தும் அந்தத் தமனியின் சுவர் கிருமியால் அரிக்கப்பட்டு, பக்கத்தில் இருக்கும் குடலுக்குள் திறந்துவிடலாம். அரிதான சிக்கல்தான். ஆனால் 4-இல் சொன்ன மெதுவான ஓட்டம் இங்கே கிடையாது, இது இடுப்புத் தமனியின் முழு வேகம். பெரிய ரத்தப்போக்கு வருவதற்கு முன்னால் பலருக்குச் சின்னதாக ஒன்று வந்து நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று நிம்மதியாகிவிடுவதுதான் ஆபத்து.

உடனே 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதலில் சி.டி. ஆஞ்சியோ எடுப்பார்கள். குழாய் வழியாக உறையிட்ட ஸ்டென்ட் வைத்து ஓட்டையை அடைத்துவிட்டு, பிறகு கணையத்தை எடுப்பார்கள். எமர்ஜென்சியில் இருக்கும் டாக்டர் உங்களை முதல் தடவையாகப் பார்ப்பவராக இருக்கலாம். அதனால் வாசலிலேயே சொல்ல வேண்டியது இது: "எனக்குக் கணையம் மாத்தியிருக்கு, அதோட தமனி இடுப்புத் தமனியில இணைச்சிருக்கு, மலத்துல ரத்தம் வருது." நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தாலும் வீட்டார் சொல்லும்படி, இந்த வரியை டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, ஒரு நகலைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.